நாலு மணிக்கு எழ முடியாதவர்களின் ஜெபம்

கேள்வி:



நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். தலைமுறை தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பம். அம்மா தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். அந்தச் சத்தத்தில் கண் விழித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

எனக்கு அது வரவில்லை. ஒவ்வொரு கன்வென்ஷன் முடிந்ததும் தீர்மானம் எடுப்பேன். நாலு மணி, ஒரு மணி நேரம் என்று. கொஞ்ச நாள் ஓடும். பிறகு நைட் டூட்டி வரும், எல்லாம் போய்விடும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஆண்டவர் முன்னால் போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. முழங்காலில் நின்றால் தூக்கம் வருகிறது. தூக்கம் வராத அன்று மனம் வார்டிலும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸிலும் அலைகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் சொல்லவும் ஒன்றும் இல்லை. 'இவர்களை ஆசீர்வதியும், அவர்களைக் காத்துக்கொள்ளும்' என்று சொல்லி எழுந்துவிடுகிறேன். ஆழமான ஜெபம் என்று ஊழியக்காரர்கள் சொல்வது எனக்கு எட்டாததாகவே இருக்கிறது. ஜெபத்தில் உறுதியாக நிற்க ஏதாவது வழி சொல்லுங்கள்.

இன்னொன்று. என் தம்பியின் குடிப்பழக்கத்துக்காகப் பல வருடம் ஜெபித்தேன். ஒன்றும் மாறவில்லை. இப்போது அவனுக்காக ஜெபிப்பதில்லை. இது தவறா?

– ஒரு சகோதரி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரி,

நேரத்தையும் முறையையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். தம்பியைப் பற்றி எழுதியது கடைசியில் ஒரு சில வரி. எனக்கோ, மேலே எழுதியதெல்லாம் அந்தச் சில வரியிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்று தோன்றுகிறது. அவன் பெயரை ஜெபத்திலிருந்து எடுத்தது எப்போது, ஜெபம் ஐந்து நிமிடமாகச் சுருங்கியது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிற காரியத்தைச் சொல்லாமல் ஒருவரோடு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்? வெயில், விலைவாசி, பிள்ளைகள் படிப்பு என்று கொஞ்ச நேரம் ஓடும். பிறகு எழுந்து போகத்தான் தோன்றும். ஆண்டவரிடத்திலும் அப்படித்தான். நேரம், ஒழுங்கு பற்றிச் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு தம்பியிடம் வருகிறேன்.

நாலு மணியை விட்டுவிடுங்கள். மருத்துவமனை ஆலயங்களில் ஊழியம் செய்த காலத்தில் உங்களைப் போன்ற நர்சுகள் பலரோடு பழகியிருக்கிறேன். ராத்திரி முழுக்க நின்று, காலையில் ஹேண்டோவர் கொடுத்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்பிய பெண் முழங்காலில் நின்றதும் தூங்கிவிழுகிறாள் என்றால் அது உடம்பின் நியாயம். அதற்குப் பாவ அறிக்கை வேண்டாம். எலியா 'போதும்' என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்டபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்று குடித்து மறுபடியும் படுத்தவரை அப்படியே தூங்கவிட்டு, பிறகுதான் இரண்டாம் தரம் வந்து எழுப்பினான். ஓரேபுக்கு நாற்பது நாள் நடந்ததும், மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அந்தத் தூக்கத்துக்குப் பிறகு நடந்தவை.

அம்மாவின் நாலு மணி அம்மாவின் வாழ்க்கையோடு சேர்ந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன்னே ஆள் கிளம்பிவிடும். அங்கே நாலு மணி என்பது ஊரே எழுகிற நேரம். உங்களுக்கோ வாரத்துக்கு வாரம் பகலும் இரவும் இடம் மாறுகிறது. வேதத்திலும் ஜெபத்துக்கு ஒரே மணி என்று கிடையாது. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். பேதுருவும் யோவானும் ஜெபவேளை என்று தேவாலயத்துக்குப் போனது ஒன்பதாம் மணி நேரத்தில், அதாவது பிற்பகல் மூன்று மணிக்கு. இயேசு ஒரு நாள் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போனார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அன்று சாயங்காலம் மலைக்குப் போனார். பன்னிருவரைத் தெரிந்தெடுக்குமுன் இரவு முழுவதும் ஜெபித்தார். மணி மாறினாலும், போவது என்பது மட்டும் அவரிடம் மாறவில்லை.

ஆகவே ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் டூட்டியோடு கட்டிவிடுங்கள். காலை டூட்டி வாரத்தில், வீடு திரும்பி முகம் கழுவிவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குமுன். மதிய டூட்டி வாரத்தில், காலையில் பிள்ளைகள் வேன் ஏறியதும், அடுப்பங்கரைக்குத் திரும்புமுன். நைட் டூட்டி வாரத்தில், வந்ததும் தூங்கிவிடுங்கள். பகல் தூக்கம் முடிந்து, சாயங்காலம் யூனிஃபார்மைக் கையில் எடுப்பதற்குமுன் உட்காருங்கள். கால் மணி நேரம் போதும். முழங்காலில் நின்றால் தூக்கம் வருகிறது என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது நடந்துகொண்டே ஜெபியுங்கள். எந்த வாரமானாலும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும். மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். மொபைலில் வேதம் வாசிக்கத் தொடங்கினால் வார்டு குரூப்பில் ரோஸ்டர் வந்துவிட்டதா என்று கை தானாகப் போகும்.

கால் மணி நேரம்தானா என்று கேட்பீர்கள். உங்களைப் போலவே ஒரு பெண் இந்தக் கேள்வியைக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறார், ஆயிரத்து அறுநூறு வருடத்துக்குமுன். பெயர் புரோபா. ரோமாபுரியின் பெரிய பிரபுக் குடும்பத்து விதவை. 410-இல் விசிகோத்தியர் அந்த நகரத்தைச் சூறையாடியபோது தப்பித்துக் கடல் கடந்து ஆப்பிரிக்காவில் தஞ்சம் புகுந்தவர். எப்படி ஜெபிப்பது என்று அவர் ஹிப்போ நகரத்துப் பேராயர் அகஸ்டினுக்கு எழுதிக் கேட்டார். அகஸ்டின் எழுதிய நீண்ட பதில் அவருடைய கடிதத் தொகுப்பில் 130-ஆம் கடிதமாக இன்றும் கிடைக்கிறது. எகிப்து நாட்டுத் துறவிகள் அடிக்கடி ஜெபித்தார்கள், ஆனால் மிகச் சுருக்கமாக ஜெபித்தார்கள் என்று அதில் சொல்கிறார். நீட்டிக்கொண்டே போனால், விழித்து எழுந்த கவனம் மங்கிப்போகும் என்பதால். கவனம் நிற்கிறவரை நில்லுங்கள், அது போன பிறகு வார்த்தையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அவருடைய ஆலோசனை. ஒரு மணி நேர ஜெபம் நல்லதுதான். கால் மணி நேரம் வருடக்கணக்காக நிலைத்த பிறகு அது தானாக வளர்ந்து ஒரு மணி ஆனால் ஆகட்டும்.

அந்தச் சுருக்க ஜெபத்துக்கு உங்கள் வேலையிலேயே இடம் இருக்கிறது. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகுமுன் கை கழுவுகிறீர்கள், அல்லது ஸ்டெரிலியம் தேய்க்கிறீர்கள். ஒரு ஷிப்டில் எத்தனை தரம் என்று உங்களுக்கே தெரியும். விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று தேய்க்கிற அந்த அரை நிமிடம் உங்கள் கைகளுக்கு வேலை, வாய்க்கும் மனதுக்கும் வேலையில்லை. இப்போது விட்டு வந்த நோயாளியின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். இனிமேல் பார்க்கப் போகிறவருடைய பெயரையும் சொல்லுங்கள். 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்பதற்குமேல் ஒன்றும் வேண்டாம். படுக்கை எண்ணைச் சொல்லாமல் கேஸ் ஷீட்டில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். யாருக்கும் கேட்கவேண்டிய அவசியமில்லை. நோயாளி எந்த மதத்தவரானாலும் அவர் கேட்காமல் அவர்மேல் நம் ஜெபத்தைச் சுமத்தக்கூடாது. இப்படி ஷிப்டு முழுவதும் தெறித்துக் கிடக்கிற ஜெபங்களை நீங்கள் இதுவரை கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டீர்கள். சேருங்கள்.

இனி, சொல்ல ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் வார்த்தை நம்மிடமிருந்து ஊறி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் வறட்சி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரை எல்லோரும் ஜெப வீரர் என்பார்கள். எழுந்ததும் நேரே ஜெபத்துக்குப் போவதுதான் பல வருடம் அவருடைய வழக்கம். கால் மணி, சில நாள் அரை மணி நேரம்கூட மனம் அலைந்த பிறகுதான் உண்மையாக ஜெபிக்கவே தொடங்கினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். 1841-இல் அவர் பதிவு செய்த மாற்றம் மிக எளியது. முதலில் வேதத்தை எடுத்து, வசனம் வசனமாக மெதுவாக வாசித்துத் தியானித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வசனமே அவரை நன்றிக்கோ, அறிக்கைக்கோ, மற்றவர்களுக்கான விண்ணப்பத்துக்கோ இழுத்துக்கொண்டு போனது. ஆண்டவர் முதலில் பேச, அவர் பதில் சொன்னார்.

லூதரும் இதையே வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு முடிவெட்டிச் சவரம் செய்கிற பேத்தர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். வேதசாஸ்திரத்தில் மூழ்கிய அந்தப் பெரிய மனிதர் தன் நாவிதருக்காக உட்கார்ந்து 1535-இல் ஒரு சிறு நூலே எழுதினார். தன் மனம் குளிர்ந்து ஜெபத்தில் விருப்பமில்லாமல் போகும்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போய், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், சங்கீதம் என்று சிறு பிள்ளைகளைப் போல வாய்விட்டுச் சொல்வதாக அதில் எழுதுகிறார். ஒவ்வொரு வரியையும் நாலு விதமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார். இதில் எனக்கு என்ன போதனை, எதற்கு நன்றி சொல்ல, எதை அறிக்கையிட, எதைக் கேட்க. கவனத்தைப் பற்றிச் சொல்லும்போது பேத்தரின் தொழிலையே எடுத்துக்கொள்கிறார். கத்தி கையில் இருக்கும்போது பேச்சிலும் வேடிக்கையிலும் கவனம் போனால் எதிரே இருப்பவருடைய மூக்கோ தொண்டையோ தப்பாது, ஜெபமும் அப்படி என்கிறார். ஊசியில் மருந்தை ஏற்றுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். நடுவில் ஒரு வரியில் ஆவியானவர் உள்ளத்தில் பேசத் தொடங்கினால், மீதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே நின்று கேட்கவேண்டும். ஆழம் என்று நீங்கள் தேடுவது பெரும்பாலும் இப்படித்தான் வரும். நாம் திட்டமிட்டு அதை வரவழைக்க முடியாது. அது வருகிற நேரத்தில் வீட்டில் இருந்தால் போதும்.

நாளுக்கு ஒரு சங்கீதம் எடுங்கள். 119-ஐ மட்டும் அதிலுள்ள 22 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால், எல்லாம் முடியக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆகும். ஆனால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம். நீங்கள் தொடங்கவேண்டிய இடம் 13.

ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில், இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வி நாலு தரம் வருகிறது. கேட்கிறவர் மரியாதையாக வளைத்துக் கேட்கவில்லை. மறந்துவிட்டீரா, முகத்தை மறைத்துக்கொண்டீரா என்று நேராகக் கேட்கிறார். முதல் வசனத்தை வாய்விட்டு வாசித்துவிட்டு நிறுத்துங்கள். ஆண்டவர் எதை மறந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறது? தம்பியைத்தானே? அப்படியென்றால் அதை உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். 'ஆண்டவரே, அவன் சம்பளம் வாங்குகிற ராத்திரி அம்மா வாசல்படியில் உட்கார்ந்தே இருக்கிறார்கள். நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். நீர் இதைப் பார்க்கிறீரா இல்லையா?' இது அவிசுவாசமில்லை. அவிசுவாசி இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டான், கேட்பதற்கு அவனுக்கு ஆள் இல்லை. அன்னாள் சீலோவில் மனங்கசந்து அழுது ஜெபித்தபோது ஆசாரியனாகிய ஏலிக்கே அவள் குடித்திருப்பவளாகத் தெரிந்தாள். கர்த்தர் அவள் ஜெபத்தைக் கேட்டார்.

மூன்றாம் நாலாம் வசனங்களில், கண்களைத் தெளிவாக்கும், இல்லாவிட்டால் மரணம் என்கிற மன்றாட்டு. இதைத் தம்பிக்காக வாசியுங்கள், பிறகு உங்களுக்காகவும் வாசியுங்கள். கடைசி இரண்டு வசனங்களில் பாட்டு திடீரென்று நம்பிக்கைக்குத் திரும்புகிறது. அங்கே உங்களுக்கு வாய் வராமல் போகலாம். பல நாள் வராது. அப்போது பொய்யாகச் சொல்லவேண்டாம். 'இதை இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை, ஆண்டவரே' என்று சொல்லிவிட்டு, சபை முழுவதும் சேர்ந்து சொல்கிற வார்த்தையாக அதை மெதுவாக வாசித்து முடியுங்கள். சங்கீதங்கள் தனி ஒருவருக்குச் சொந்தமானவை இல்லை. உங்களால் சொல்ல முடியாத வரியை அதே நாளில் எங்கேயோ ஒரு சபையில் இன்னொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். 88-ஆம் சங்கீதத்துக்கு வரும்போது பாருங்கள், அதில் அந்தத் திருப்பம்கூடக் கிடையாது. இருளிலேயே முடிகிறது. அதையும் ஆண்டவர் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார் என்றால், அப்படிப்பட்ட ஜெபத்தையும் அவர் ஏற்றுக்கொள்கிறார் என்றுதானே பொருள்?

தம்பிக்காக ஜெபிக்காமல் விட்டது தவறா என்று கேட்டீர்கள். நீங்கள் களைத்துவிட்டீர்கள். களைப்பைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 'இன்னும் விசுவாசமாக ஜெபித்திருந்தால் அவன் மாறியிருப்பான்' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை இன்றோடு தள்ளிவிடுங்கள். குடியால் இறந்த வாலிபர்களுக்கு நான் அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறேன். அவர்களுடைய தாய்மார் ஜெபத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கெத்செமனேயில் இயேசு வேண்டிக்கொண்டும் பாத்திரம் நீங்கவில்லை. அங்கே விசுவாசம் குறைவாயிருந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அகஸ்டினுடைய தாய் மோனிக்காளின் கதையைக் கன்வென்ஷன்களில் கேட்டிருப்பீர்கள். தாயின் கண்ணீர், மகனின் மனந்திரும்புதல் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் நடந்த ஒன்றை அகஸ்டின் தன் அறிக்கை நூலின் ஐந்தாம் பாகத்தில் எழுதியிருக்கிறார். அவர் கார்த்தேஜ் பட்டணத்திலிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறத் தீர்மானித்தார். தாய் விடவில்லை, கடற்கரைவரை வந்து பற்றிக்கொண்டார். நண்பன் ஒருவனை வழியனுப்பப் போகிறேன் என்று மகன் பொய் சொன்னார். அன்றிரவு மோனிக்காள் துறைமுகத்துக்கு அருகே இருந்த சிப்ரியான் நினைவு ஆலயத்தில் தங்கி, மகன் போகாதபடிக்குக் கண்ணீரோடு ஜெபித்தார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டிருந்தது. அந்த இரவின் ஜெபம் கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அகஸ்டினை மிலான் நகருக்கும், அங்கே பேராயர் அம்புரோசின் பிரசங்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387-இல் ஈஸ்டரின்போது அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற்றார். அன்றிரவு தாய் கேட்டதை ஆண்டவர் கொடுக்காமல் விட்டது, அவர் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காக என்று மகன் பிற்பாடு எழுதினார். எல்லா வீட்டிலும் இப்படியே முடியும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க நான் யார்? ஆனால் நம் ஜெபம் மறுக்கப்பட்ட அன்று, கதை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மோனிக்காளுக்கும் அந்தக் காலையில் தெரியவில்லை.

நீங்கள் நர்ஸ் என்பதால் இதையும் சொல்லவேண்டும். குடி ஒரு நோயும்கூட. நீண்டகாலம் அதிகம் குடித்தவரை ஒரே நாளில் நிறுத்தவைத்தால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துவந்து 'இன்றோடு நிறுத்திவிட்டேன்' என்று சாட்சி சொல்லவைத்து வீட்டுக்கு அனுப்புவது சில சபைகளில் நடக்கிறது. பிறகு இரண்டாம் நாள் அவர் வலிப்போடு கேஷுவாலிட்டிக்கு வருகிறார். தம்பி சம்மதிக்கிற நாளில் முதலில் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சென்னையில் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போல இதற்கென்றே உள்ள இடங்கள் இருக்கின்றன. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற அமைப்பும் உண்டு. அது உங்களுக்கும் அம்மாவுக்கும். தம்பி வருவதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே போவது ஜெபத்தில் தோற்றுப்போனதற்கு அடையாளம் ஆகாது.

மறுபடி அவனுக்காக ஜெபிக்கத் தொடங்கும்போது, 'குடியை நிறுத்தும்' என்ற ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். அது ஒவ்வொரு நாளும் தேர்வு முடிவு பார்ப்பதாகிவிடும். கர்த்தருடைய ஜெபத்தை எடுத்து, ஒவ்வொரு வேண்டுதலிலும் நிறுத்தி, அவன் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றன்றுள்ள ஆகாரம் என்கிற இடத்தில், இன்று ஒரு வேளையாவது அவன் வயிறாரச் சாப்பிட வேண்டும். மன்னிப்பு என்கிற இடத்தில் கொஞ்சம் அதிகம் நிற்கவேண்டியிருக்கும். அவன் செய்ததும், அவன்மேல் உங்களுக்கு இருக்கிற கோபமும் அங்கேதான் வெளியே வரும். வரட்டும். சோதனை என்கிற இடத்தில், வேலை முடிந்து அவன் மதுக்கடை வழியாக வீட்டுக்கு நடக்கிற அந்த அரை மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மட்டும் கேளுங்கள். நாளைக்கு நாளை கேட்கலாம். அகஸ்டினும் புரோபாவுக்கு இதையே எழுதினார். வேறு எந்த வார்த்தையைச் சொன்னாலும், சரியாக ஜெபித்தால் அது கர்த்தருடைய ஜெபத்துக்குள் ஏற்கெனவே இருப்பதாகத்தான் இருக்கும் என்று. நாம் எதை எப்படிக் கேட்பது என்று அறியாமல் நிற்கும்போது ஆவியானவர் வார்த்தைக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதியது இப்படிப்பட்ட தம்பிகளையும் அக்காள்மாரையும் நினைத்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் போகக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவிலா தெரேசாளுக்கும் இது நடந்தது. ஜெப வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்களில் அவருக்கு இணை வெகு சிலரே. தன் நிலைக்கு ஆண்டவரோடு தனியாகப் பேசத் தகுதியில்லை என்று தாழ்மையின் பெயரால் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தனி ஜெபத்தையே விட்டிருந்தார். பிற்பாடு திரும்பிப் பார்த்து, தனக்கு வந்த சோதனைகளிலேயே மிகக் கொடியது அதுதான் என்று எழுதினார். திரும்பி வந்த பிறகும் எல்லாம் இனிமையாக இருக்கவில்லை. சில வருடங்கள் ஜெப வேளையில் உட்கார்ந்தபடியே, மணி எப்போது அடிக்கும் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாராம். ஆனாலும் எழுந்து போகவில்லை. ஆகவே விட்ட நாளுக்கு வட்டி கட்டவேண்டாம். நேற்று விட்டதற்கு இன்று அரை மணி என்று தண்டனை போட்டுக்கொண்டால் நாளைக்கும் விட்டுப்போகும். விட்ட சங்கீதத்தை அப்படியே விட்டுவிட்டு, அன்றைய சங்கீதத்தை எடுங்கள். மனம் பிள்ளைகளின் ஃபீஸுக்கு ஓடினால் அதை அடக்கப் போராடாமல், ஃபீஸையே அன்றைய ஜெபக்குறிப்பாக்கிச் சொல்லிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். பத்துத் தரம் ஓடினால் பத்துத் தரம் திரும்புங்கள்.

வளர்கிறேனா என்று உணர்ச்சியை வைத்துப் பார்க்காதீர்கள். நைட் டூட்டியில் மூன்றாவது தரம் அதே கேள்வியைக் கேட்கிற நோயாளியின் உறவினருக்கு என்ன குரலில் பதில் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். தம்பியின் போன் வரும்போது மனதில் முதலில் வருவது என்ன என்று பாருங்கள்.

கடைசியாக, அம்மாவிடம் பேசுங்கள். நாலு மணிக்கு அவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், உங்களுக்கு ஆஃப் இருக்கிற நாளாகப் பார்த்து, இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். 13-ஆம் சங்கீதத்தை ஒரு வசனம் அம்மா, ஒரு வசனம் நீங்கள் என்று மாறி மாறி வாசியுங்கள். பிறகு தம்பியின் பெயரைச் சொல்லிக் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. ரோஸ்டர் மாறினால் நாளையும் மாற்றிக்கொள்ளுங்கள்.